நோன்பாளியின் தட்டும் நம் பிள்ளைகளின் படிப்பும்

 

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், வாழப்பாடியில் நாம் பாடம் நடத்தும் மதரஸாவுக்குப் பெற்றோர் சிலர் ஆலோசனை கேட்டு வருவதுண்டு. சென்ற ஆண்டு பாக்கு மண்டியில் வேலை பார்க்கும் ஒரு தந்தை தம் மகளோடு வந்திருந்தார். அந்தப் பிள்ளை நம்மிடம்தான் குர்ஆன் ஓதி முடித்தவள். அறிவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். சேலத்தில் ஒரு கல்லூரியில் 'ஊட்டச்சத்தும் உணவுமுறையியலும்' என்னும் பட்டப்படிப்பில் சேர்ந்து, டயட்டீஷியன் என்று சொல்லப்படும் உணவியல் நிபுணராக வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். தந்தைக்கோ மனம் ஒப்பவில்லை. "ஹஜ்ரத், சோறாக்கக் கத்துக்கறதுக்கு மூணு வருசம் காலேஜுக்குப் போகணுமா? அதை அவங்க அம்மா வீட்டுலயே கத்துக் குடுத்துருவாங்களே" என்றார்.

உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்வதற்கு, நம்முடைய தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் பிறப்பதற்கு ஒரு வாரம் இருக்கையில், நம் மஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர். "இந்த வருசம் நோன்பு வைக்கலாமா?" என்று கேட்டார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்றும், உடலில் வலு இருந்தால் வைக்கலாம் என்றும் பதில் சொன்னோம். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ஸஹரில் என்ன உண்பார், முன்பு எப்போதேனும் மயங்கி விழுந்ததுண்டா என்று நாம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆறாவது நோன்பன்று அஸருக்குச் சற்று முன், ஒளூச் செய்யும் இடத்திலேயே அவர் சரிந்து விழுந்தார். உடலெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறியது. சேலத்துக்குக் கொண்டு சென்றோம். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்றார்கள். வழக்கமாகக் காலையில் சாப்பிடும் மாத்திரையை அளவு குறைக்காமல் ஸஹரில் விழுங்கிவிட்டு, ஒரு டம்ளர் ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் குடித்து நோன்பு வைத்திருக்கிறார். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் அவருடைய கட்டிலருகே வந்த உணவியல் நிபுணர் ஓர் இந்துச் சகோதரி. நோன்பைப் பற்றி அவர் அதிகம் அறிந்தவரல்லர். ஆனால் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். "விடியற்காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்? என்ன சாப்பிடுவீர்கள்? எவ்வளவு? நோன்பு திறந்தவுடன் முதலில் வாயில் வைப்பது எது? இரவுத் தொழுகைக்குப் பிறகு மறுபடியும் உண்பதுண்டா?" ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். நாம் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் கேட்ட கேள்விகளை ஒரு வாரத்திற்கு முன் நாம் கேட்டிருக்க வேண்டும். அல்லது கேட்கத் தெரிந்தவரிடம் அந்த முதியவரை அனுப்பியிருக்க வேண்டும். அன்று முதல் இந்தப் படிப்பை 'சோறாக்கும் படிப்பு' என்று எவர் சொன்னாலும் நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

இதை வெறும் மருத்துவச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. இது மார்க்கச் செய்தியும்கூட. நோயாளியும் பயணியும் நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்கலாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் சலுகை வழங்குகின்றன. இன்னார் நோயாளி, இன்ன அளவு நோய் இருந்தால் நோன்பு அவருக்குத் தீங்கு என்று தீர்மானிப்பவர் யார்? நம்பிக்கைக்குரிய, துறையறிந்த மருத்துவரின் சொல்லை இதில் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று நம் ஃபிக்ஹ் நூல்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. சட்டம் ஆலிமிடம் இருக்கிறது. அதைப் பொருத்துவதற்கான அறிவு வேறொருவரிடம் இருக்கிறது. அந்த இன்னொருவர் நம் ஊரில் இல்லையென்றால் ஆலிமின் ஃபத்வா பாதி இருட்டில் சொல்லப்பட்டதாகிவிடும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீன் நூலின் அறிவு பற்றிய பகுதியில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்துகிறார்கள். சமுதாயத்தில் சிலரேனும் அதைக் கற்றாக வேண்டும்; ஒருவருமே கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள் ஆவோம். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, மக்கள் எல்லோரும் ஃபிக்ஹின் தர்க்கங்களைக் கற்க முண்டியடிப்பதைக் குறித்து அவர்கள் அன்றே வருந்தியிருக்கிறார்கள். அவர்கள் மறைந்தது கி.பி. 1111இல். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வருத்தம் நம் மஹல்லாக்களுக்குப் பொருந்துகிறது. உணவைக் கொண்டு நோயை எதிர்கொள்ளும் கலை நம் முன்னோருக்குப் புதிதுமன்று. அபூபக்ர் அர்ராஸி உணவுகளின் பயன்களையும், அவற்றின் தீங்குகளைத் தவிர்க்கும் வழிகளையும் பற்றித் தனி நூலே எழுதினார்.

அந்தப் பெண் படிக்க விரும்பும் படிப்பில் என்னதான் இருக்கிறது? மூன்றாண்டு இளநிலைப் படிப்பில் மனித உடலியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவு வேதியியல் ஆகியவை உண்டு. கருவுற்ற தாய், பால் குடிக்கும் குழந்தை, வளரும் பிள்ளை, முதியவர் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் எவ்வளவு சத்து வேண்டும் என்னும் கணக்கு உண்டு. அதற்கு மேல் நோய்க்கேற்ற உணவு என்பது ஒரு பெரும் பகுதி. சமையற்கூடப் பயிற்சியும் அதில் உண்டு. ஆனால் அங்கே உப்பையும் எண்ணெயையும் தராசில் நிறுத்துத்தான் போடுவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். நோய்வாய்ப்பட்டவரைப் பார்க்கப் போகும்போது நாம் இளநீரும் பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் வாங்கிச் செல்கிறோம். அன்பின் அடையாளம் அது. ஆனால் அந்த நோயாளி சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவராக இருந்தால், இம்மூன்றிலும் மிகுந்திருக்கும் பொட்டாசியம் அவருடைய இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யக்கூடும். அத்தகையவருக்குக் காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைக்கச் சொல்வார்கள். மற்றவர்களுக்கோ சத்து வீணாகாமல் இருக்க அந்த நீரை வடிக்கக் கூடாது என்பார்கள். ஒரே காய், இரண்டு உடல்கள், இரண்டு தீர்ப்புகள். ஃபிக்ஹ் படித்தவருக்கு இது புரியாத செய்தியன்று.

நம் மாவட்டத்துக்கு இந்தத் துறையில் ஒரு பெருமையும் இருக்கிறது. நாட்டின் ஊட்டச்சத்து ஆய்வுக்குத் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் சி. கோபாலன் 1918இல் சேலத்தில் பிறந்தவர். அதே 1918இல்தான் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறிய பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. சென்னையில் மருத்துவம் பயின்ற கோபாலன் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும், பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். அவரும் அவருடைய சகாக்களும் 1971இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றிய நூல், நம் அரிசி, பருப்பு, கீரை, மீன் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதை அட்டவணையிட்டது. ஏழைகளின் பசியைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்ட அவர், நூறு வயதைக் கடந்து 2019இல் மறைந்தார். ஒரு சேலத்துப் பிள்ளை நாட்டுக்கே உணவுக் கணக்கைக் கற்றுக் கொடுத்திருக்க, சேலத்துக்கு அருகிலேயே இருக்கும் நாம் இதை அடுப்படிப் படிப்பு என்று சொல்வது அழகா?

இப்போது நம் தட்டுகளைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பேராய்வு ஒன்று, நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் சர்க்கரை நோயாளிகள் என்று 2023இல் அறிவித்தது. நாட்டின் நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்கு முறையற்ற உணவே காரணம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்பது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் முடிவு. இந்தக் கணக்குகளில் நம் வீடுகளும் அடங்கும். வலீமா விருந்தில் பிரியாணிக்குப் பின் பிரெட் அல்வா, அதற்குப் பின் சர்க்கரை தூக்கலாக ஒரு தேநீர். உணவோடும் உணவு முடிந்த கையோடும் குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது என்பதை நம் பெண்களுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

நம் பகுதி மரவள்ளி விளையும் பூமி. ஜவ்வரிசிக் கஞ்சி எளிதில் செரிக்கும், காய்ச்சல்காரருக்கு இதமாயிருக்கும். ஆனால் அது ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. புரதம் மிகச் சொற்பம். அதை மட்டும் குடித்துவிட்டு நோன்பு வைத்தால் விரைவில் பசிக்கும். அதனுடன் பக்கத்து நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை ஒன்றைச் சேர்த்தால் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் கிடைக்கும். பேரீச்சம்பழம் கொண்டு நோன்பு திறப்பது சுன்னத். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இப்போது கடைகளில் கிடைக்கும் பெரிய மெஜ்தூல் பழம் ஒன்றில் சுமார் 16 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒற்றைப்படை என்று மூன்று பழம் உண்டால் பன்னிரண்டு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். சர்க்கரை நோயாளிக்கு ஒன்றும் ஒற்றைப்படைதான் என்பதை நினைவூட்ட, சுன்னத்தையும் அறிந்த, சர்க்கரைக் கணக்கையும் அறிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவரை நாம்தான் உருவாக்க வேண்டும்.

உண்ணவும் பருகவும் அனுமதித்து, வரம்பு மீறுவதை மட்டும் தடுக்கிறது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். இவற்றை நாம் மிம்பர்களில் சொல்கிறோம். இறங்கி வந்து விருந்தில் அமர்ந்ததும் மறந்துவிடுகிறோம். 'ஹலாலா?' என்று கேட்கும் அளவுக்கு, 'தய்யிபா?' என்று நாம் கேட்பதில்லை. குர்ஆன் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது.

இன்னொன்றையும் வேதனையோடு சொல்ல வேண்டும். நபிவழி மருத்துவம் என்ற பெயரில், இன்ன பொடியைச் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பி மருந்தை விட்டவர்கள் நம்மிடையே உண்டு. கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்களே மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியிருக்க, அவர்கள் பெயரைச் சொல்லியே ஒருவருடைய மருந்தைப் பிடுங்குவது எத்தகைய துரோகம்! அறிவுள்ளவர் இல்லாத இடத்தில்தான் வியாபாரி ஹகீம் ஆகிறார்.

பெற்றோரின் தயக்கங்களையும் நாம் அலட்சியப்படுத்தவில்லை. "ஆஸ்பத்திரியில் அந்நிய ஆண்களோடு பேச வேண்டியிருக்குமே" என்கிறார்கள். உண்மைதான். ஆயினும், நம் வீட்டுப் பெண்கள் கர்ப்பகாலச் சர்க்கரையோடு மருத்துவமனைக்குப் போகும்போது, அங்கே மனம்விட்டுப் பேச ஒரு பெண் இருக்க வேண்டும் என்று விரும்புபவர்களும் நாமேதான். பிறர் மகள் படித்து வந்து நம் மகளுக்குப் பணி செய்ய வேண்டும்; நம் மகள் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது நியாயமாகுமா? ஒழுக்கமும் ஹிஜாபும் பேணி இப்பணியைச் செய்ய இடமிருக்கிறது. சென்னையில் நீதியரசர் பஷீர் அஹமது சயீத் 1955இல் தொடங்கிய மகளிர் கல்லூரியும், திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் நம் சமுதாயத்தவர் எழுப்பிய நிறுவனங்களே. கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957 முதல் பெண்களுக்கென்றே இயங்கி, இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. அதை வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ் ஊட்டச்சத்து அறிவியலில் நாடறிந்த பேராசிரியை. சேலம், நாமக்கல் பகுதிகளிலும் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் இப்படிப்பு இருக்கிறது. வாழப்பாடியிலிருந்து காலையில் ஆத்தூர் – சேலம் பேருந்து ஏறி, மாலையில் மக்ரிபுக்குள் வீடு திரும்பும் தொலைவுதான்.

"இதில் என்ன சம்பளம் வரும்?" என்றும் கேட்கிறார்கள். பொய்யான ஆசை காட்ட நாம் விரும்பவில்லை. தொடக்கத்தில் சம்பளம் அதிகம் இராது. இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிட்டால் வாய்ப்பும் குறைவு. இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு, மருத்துவமனையில் சில மாதப் பயிற்சி, அதன்பின் இந்திய உணவியலாளர் சங்கம் நடத்தும் பதிவுபெற்ற உணவியல் நிபுணர் தேர்வு என்று படிகள் இருக்கின்றன. மருத்துவம் சார்ந்த துறைகளுக்கென நாடாளுமன்றம் 2021இல் இயற்றிய சட்டம் உணவியல் நிபுணர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. ஆகவே சில வாரச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்பவருக்கும் முறையாகக் கற்றவருக்கும் இடையிலான வேறுபாடு இனி மேலும் தெளிவாகும். பிள்ளை பிளஸ் டூவில் எடுத்த பாடங்கள் போதுமா, படிப்போடு மருத்துவமனைப் பயிற்சி உண்டா என்பதை எல்லாம் கல்லூரியில் நேரில் கேட்டறிந்த பிறகே சேர்க்க வேண்டும். இது பெண்களுக்கான படிப்பு என்று எண்ணி ஆண்பிள்ளைகளை ஒதுக்கிவிடவும் வேண்டாம். நம் ஓட்டல்களையும் விருந்துச் சமையலையும் நடத்துபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சர்க்கரை நோயாளிகளின் நோன்பைக் குறித்துச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும், ரமளான் நோன்பு பற்றி ஆராயும் மருத்துவர் குழுவும் சேர்ந்து வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. 2021இல் அதைப் புதுப்பித்தும் இருக்கின்றன. நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும் என்கிறது அது. நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்களின் பொதுவான தீர்ப்பு. இது தெரியாமல் சோதிக்க அஞ்சுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு ரஜபிலும் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, மருத்துவர் ஒருவரையும் உணவியல் நிபுணர் ஒருவரையும் பள்ளிவாசலுக்கு அழைத்து, ஆலிமும் உடனிருந்து, நோயாளிகளுக்கு வழிகாட்டலாம். நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாவிலும், தங்கிப் படிக்கும் மதரஸா மாணவரின் தட்டிலும் அரிசியோடு பருப்பும் காயும் போதிய அளவு சேர்கின்றனவா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. கூடவே, ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்துப் பிள்ளை ஒருவரேனும் இத்துறையில் படிக்க அந்த நிதியிலிருந்து உதவ முடியுமா என்று உலமாக்களோடு கலந்து முடிவெடுக்கலாம்.

அந்தத் தந்தையிடம் இவ்வளவும் நாம் சொல்லவில்லை. ஒளூச் செய்யும் இடத்தில் விழுந்த முதியவரின் கதையை மட்டும் சொன்னோம். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு மகளைப் பார்த்து, "நீ படிச்சு வந்து மொதல்ல உங்க அத்தாவோட சோத்தைத்தானே கொறைப்பே?" என்றார். அவருக்கும் சர்க்கரை இருப்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறாள். முதியவரோ மருத்துவரின் சொல்லை ஏற்று நோன்பை விட்டு, ஃபித்யா கொடுத்து வருகிறார். "மனசு கேக்கல ஹஜ்ரத்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கும். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். இம்முறை அந்த வார்த்தையை மருத்துவரிடம் கேட்டறிந்த பிறகே சொல்கிறோம்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அந்த அமானத்தைக் காக்கும் கல்வியை நம் பிள்ளைகளுக்கு எளிதாக்கித் தரவும், அறியாததை அறிந்தவரிடம் கேட்கும் பணிவை நமக்கு வழங்கவும் வல்ல ரஹ்மான் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.